இளைப்பும் படபடப்பும் ஒரே மரபணுவாலா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்தே வருவதுண்டு. இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள் இருப்பதாகச் செய்தி வந்தால் போதும், "அப்பாவுக்கு இளைப்பு, அதனால்தான் எனக்குப் படபடப்பு" என்று முடிச்சுப் போட்டுவிடுகிறோம்.

இதில் பெரிய தவறு, சிகரெட்டை மறந்துவிடுவது. 15ஆம் குரோமோசோமில் சிஎச்ஆர்என்ஏ5, சிஎச்ஆர்என்ஏ3 என்று இரண்டு மரபணுக்கள் அருகருகே இருக்கின்றன. நிக்கோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளின் பாகங்களை உருவாக்குபவை இவை. இந்தப் பகுதியில் ஒரு மாற்றம் இருந்தால், புகைப்பவர் நாளொன்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே புகைக்கிறார். கூடுதல் புகை நுரையீரலையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். இப்படிப்பட்ட மரபணு தரவில் இரண்டு நோய்க்கும் சொந்தக்காரன் மாதிரி தெரியலாம். உண்மையில் நடுவில் நிற்பது பீடியும் சிகரெட்டும்தான். ஒரு மரபணு இரண்டு உறுப்புகளிலும் நேரடியாக வேலை செய்கிறதா, பழக்கத்தின் வழியாக வருகிறதா என்று பிரித்துப் பார்க்காமல் 'பொது மரபணு' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. 2007இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 4ஆம் குரோமோசோமில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு தொடர்புள்ள மாற்றங்களைக் கண்டார்கள். பக்கத்தில் இருப்பது பிஐடிஎக்ஸ்2 மரபணு. கருவில் உடலின் இடது வலது பிரிவதற்கும், நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகளைச் சுற்றிய இதயத் தசை வளர்வதற்கும் அது தேவை. தப்புத் துடிப்பு பெரும்பாலும் இந்தச் சிரைகளிலிருந்து கிளம்புகிறது என்பதை 1998இலேயே பிரான்சின் போர்தோவில் காட்டிவிட்டார்கள். சிரையின் பெயரில் நுரையீரல் இருக்கிறது, சரி. அதற்காக பிஐடிஎக்ஸ்2ஐ நுரையீரல் நோயின் மரபணு என்று சொல்லிவிட முடியாது. அந்த மாற்றங்களும் மரபணுவுக்குள் இல்லை, வெளியேதான் இருக்கின்றன.

அப்புறம், எல்லாம் பரம்பரை என்று கைவிரிப்பது. சிஓபிடி உள்ளவருக்குப் படபடப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் மருந்துச் சீட்டையும். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்துகளான சால்பியூட்டமால், தியோஃபிலின் இரண்டுமே துடிப்பைக் கூட்டக்கூடியவை. அதற்காக இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்துவது இன்னொரு தவறு. மூச்சு திணறினாலும் துடிப்பு கெடும். அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.