பழைய ஸ்பானிய ரெட் ஒயின்: உணவகப் பட்டியலுக்குச் சுவைத்துத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயினைக் குடிக்கிற பக்குவம் வரும்வரை தன் கிடங்கிலேயே வைத்திருந்து, அதன் பிறகே விற்பனைக்கு அனுப்புவது ஸ்பெயினில், குறிப்பாக வடக்கே உள்ள ரியோஹா ஒயின் வட்டாரத்தில், இன்றும் தொடர்கிற வழக்கம். பிரான்சின் போர்தோ ஒயின் என்றால் பெரும்பாலும் இளசாக வாங்கி, உணவகமே பத்து வருடம் பணத்தை முடக்கிக் காத்திருக்க வேண்டும். ரியோஹாவில் அந்தக் காத்திருப்பைத் தயாரிப்பாளரே ஏற்றுக்கொள்கிறார். அங்கே ஆரோ நகரில் 1877 முதல் இயங்கும் லோபெஸ் தெ எரேதியா நிறுவனத்தின் வீன்யா தொந்தோனியா ரெசெர்வா என்ற ஒயின் சந்தைக்கு வரும்போதே ஏறக்குறைய பத்து வயதாகியிருக்கும். அதே வயதுள்ள, பிரான்சின் நல்ல பர்கண்டி ஒயினின் விலையைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் நம்பவே முடியாது. பட்டியல் தயாரிப்பவருக்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு வேறு எந்த நாட்டிலும் இல்லை என்பது என் கருத்து. இந்த வாய்ப்பு கைநழுவுவது பெரும்பாலும் சுவைத்துப் பார்க்கும் மேசையில்தான். இளம் ஒயினை எடைபோடும் அதே கண்ணோடும் அதே அவசரத்தோடும் முதிர்ந்த ஒயினை எடைபோடுவதால் வருகிற தவறுகள் அவை.

முதலில் லேபிளில் இருந்து தொடங்கலாம். கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்ற மூன்றையும் நல்லது, மிக நல்லது, மிகமிக நல்லது என்று படிப்பது பரவலான பழக்கம். இவை ஒயின் எவ்வளவு காலம் வைக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கின்றன. ரியோஹாவில் கிரியான்சாவுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள், அதில் 1 ஆண்டு ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 ஆண்டுகள், அதில் 1 ஆண்டு பீப்பாயில். கிரான் ரெசெர்வாவுக்கு 5 ஆண்டுகள், அதில் 2 ஆண்டுகள் பீப்பாயில், இன்னொரு 2 ஆண்டுகள் பாட்டிலில். ஸ்பெயினின் பொதுச் சட்டம் இன்னும் தளர்வானது: கிரியான்சாவுக்கு 6 மாதப் பீப்பாய் போதும், கிரான் ரெசெர்வாவுக்கு 18 மாதம். ஆகவே ரியோஹா கிரியான்சாவும் வேறு ஏதோ ஒரு வட்டாரத்தின் கிரியான்சாவும் ஒரே பெயரைத் தாங்கினாலும், பீப்பாயில் இருந்த காலம் இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம்.

இவை எல்லாமே குறைந்தபட்ச அளவுகள் என்பதையும் மறக்கக் கூடாது. தொந்தோனியா ரெசெர்வா பீப்பாயில் ஏறக்குறைய 6 ஆண்டுகள் இருக்கிறது. சட்டத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்த இன்னொரு ரெசெர்வா அதோடு எந்த விதத்திலும் ஒப்பிடத்தக்கதல்ல. எதிர்த்திசையிலும் இதே கதைதான். இந்த வகைப்பாட்டையே வேண்டாம் என்று ஒதுக்கி, பொதுவான முத்திரையோடு தங்கள் மிகச் சிறந்த ஒயினை விற்கும் தயாரிப்பாளர்கள் ரியோஹாவில் பலர் உண்டு. ஆர்தாதி என்ற புகழ்பெற்ற நிறுவனம் 2015 இறுதியில் ரியோஹா என்ற பெயரையே விட்டு வெளியேறியது. ஆகவே விநியோகஸ்தரின் விலைப்பட்டியலில் கிரான் ரெசெர்வா வரிசையை மட்டும் சுழித்து மாதிரி கேட்பவர் பாதி நல்ல ஒயினைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்.

லேபிளிலேயே இன்னொரு சிறு பொறியும் இருக்கிறது. லா ரியோஹா ஆல்தா நிறுவனத்தின் கிரான் ரெசெர்வா 904, 890 என்ற எண்கள் அறுவடை ஆண்டுமல்ல, மதிப்பெண்ணுமல்ல. நிறுவனம் தொடங்கிய 1890, ஆர்தான்சா குடும்பத்தின் ஒயின் நிறுவனம் அதோடு இணைந்த 1904, இந்த இரண்டு ஆண்டுகளின் நினைவாக வந்தவை. ரிபேரா டெல் துவேரோ என்ற இன்னொரு ஸ்பானிய வட்டாரத்தில் வேகா சிசிலியா நிறுவனத்தின் ரெசெர்வா எஸ்பெஸியல் பல அறுவடைகளைக் கலந்து செய்வது, அதில் ஒற்றை ஆண்டைத் தேடினால் கிடைக்காது. பட்டியலில் இவற்றைத் தப்பாக அச்சிட்டால் விஷயம் தெரிந்த விருந்தினர் அடுத்த பக்கத்தைத் திருப்பவே யோசிப்பார்.

இனி கிளாஸுக்கு வருவோம். நான் பார்த்தவரை அதிகச் சேதம் செய்யும் தவறு, இரண்டு வேறு பாணிகளை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே கோலால் அளப்பது. பழைய ரியோஹா பாணியில் 225 லிட்டர் அமெரிக்க ஓக் பீப்பாய், அதிலும் பெரும்பாலும் பழைய பீப்பாய், நீண்ட காலம், இடையிடையே மண்டியைத் தள்ளிவிட்டுத் தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றும் வேலை. 904 சுமார் 4 ஆண்டுகள் பீப்பாயில் இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையால் மாற்றுவார்கள். இப்படி வருகிற ஒயின் நிறம் வெளுத்து, ஓரத்தில் செங்கல் சாயல் காட்டும். தேங்காய், வெனிலா, உலர்ந்த அத்தி, தோல், புகையிலை என்று மணம் போகும். துவர்ப்பு கரைந்திருக்கும், புளிப்பு நிமிர்ந்து நிற்கும். 1990களில் பெருகிய புதிய பாணி இதற்கு நேர் எதிர்: நன்றாகப் பழுத்த திராட்சை, புதிய பிரெஞ்சு ஓக், குறைந்த காலம், அடர்ந்த கருஞ்சிவப்பு, வாயை நிறைக்கும் கனம்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரு மடக்கு ஒரு மடக்காகச் சுவைத்தால் எது ஜெயிக்கும்? கனமானதுதான். முப்பது நாற்பது ஒயின் வரிசையில் களைத்துப்போன நாக்கு கனத்தை மட்டும்தான் கவனிக்கும். பக்கத்தில் நிற்கும் பழைய ரியோஹா மெலிந்தது, வெளுத்தது, தீர்ந்துபோனது என்று எழுதப்பட்டு ஒதுக்கப்படும். வெளிறிய நிறம் பலவீனத்தின் அடையாளமல்ல. மரத்தில் நீண்ட காலம் இருந்த டெம்ப்ரானியோவுக்கு, அதாவது ரியோஹாவின் முக்கியத் திராட்சைக்கு, அது இயல்பு. பாணி வாரியாகக் குழு பிரித்து, ஒரு குழுவில் ஆறு ஏழு ஒயினுக்கு மேல் போகாமல், இடையில் வாய்க்கு ஓய்வு கொடுத்துச் சுவைப்பதுதான் நியாயம். ரிபேரா டெல் துவேரோவைத் தனிக் குழுவாக வையுங்கள். அங்கேயும் டெம்ப்ரானியோதான், ஆனால் நிலம் உயரம் அதிகம், பகல் வெயிலும் இரவுக் குளிரும் கடுமையாக மாறும், அதனால் துவர்ப்பு அடர்த்தியாக இருக்கும். கருஞ்சிலேட்டு மண்ணில் கர்னாச்சா, கரினியேனா என்ற திராட்சைகள் விளையும் பிரியோரத் வட்டாரத்தின் ஒயினை ரியோஹாவுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது நேரம். முப்பது வருடம் மூடிக்கிடந்த பாட்டிலைத் திறந்து மூன்று நிமிடத்தில் தீர்ப்பு எழுதுவது எந்த விதத்திலும் சரியில்லை. திறந்தவுடன் வரும் அடைபட்ட வாடை பல ஒயின்களில் கால் மணி நேரத்தில் போய்விடும். சில ஒயின்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேசத் தொடங்கும். சில இருபது நிமிடம் ஜொலித்துவிட்டு அடங்கிவிடும். பட்டியலுக்கு வாங்குபவருக்கு இந்த மூன்றாவது வகைதான் ஆபத்து. விருந்தினர் ஒரு பாட்டிலை ஒன்றரை மணி நேரம் மேசையில் வைத்துக் குடிப்பார், கடைசி கிளாஸும் நன்றாக இருக்க வேண்டும். அதனால் திறந்தவுடன், அரை மணியில், ஒன்றரை மணியில் என்று மூன்று முறையாவது அதே கிளாஸுக்குத் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் நேரத்தை எழுதுங்கள்.

சாப்பாடு இல்லாமல் முடிவெடுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. ரியோஹாவில் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து அந்தத் தணலில் வாட்டும் ஆட்டுக்குட்டி விலா, துவேரோ ஆற்றுப் பக்கத்தில் மண் பாத்திரத்தில் வைத்து அடுப்பில் சுடும் பால்குடி ஆட்டுக்குட்டி, இவற்றுக்கு நடுவில்தான் இந்த ஒயின்கள் வளர்ந்தன. தனியாகச் சுவைத்தபோது புளிப்பு தூக்கலாகத் தெரிந்த கிரான் ரெசெர்வா, கொழுப்புள்ள இறைச்சியோடு போனதும் கச்சிதமாக உட்காரும். தனியாக அசத்திய கனமான ஒயின் இரண்டாவது கிளாஸிலேயே சாப்பாட்டை அமுக்கிவிடும். உங்கள் சமையலறையில் இருந்து இரண்டு தட்டு வரவழைத்து அதோடு இறுதிச் சுற்றை வையுங்கள். மதிப்பெண்கள் தலைகீழாவதைப் பார்ப்பீர்கள். என்னைக் கேட்டால், பட்டியலுக்கான சுவைப்பில் அந்த இரண்டாவது மதிப்பெண்தான் செல்லுபடியாகும்.

இப்போது குறை எது, வயது எது என்ற கேள்வி. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் கெட்டுப்போன ஒயினை முதிர்ச்சி என்று ஏற்கிறார்கள், சிலர் முதிர்ச்சியைக் கெட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

கார்க் கெடுதல் எளிதில் ஏமாற்றும். டிசிஏ என்ற சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் வாடை தெரியாது, பழ மணம் மட்டும் அமுங்கிப்போகும். அதை “வயதாகிவிட்டது, களைத்துவிட்டது” என்று எழுதிவிடுவார்கள். அடையாளம் காண ஒரு வழி உண்டு. அடைபட்ட வாடை காற்றுப் பட்டால் விலகும், டிசிஏ விலகாது, போகப்போக இன்னும் தெளிவாகத் தெரியும்.

காற்றேறிக் கெட்ட ஒயினில் அடிபட்டுக் கன்றிய ஆப்பிள் மணம் வரும், நிறம் பழுப்பாகும், வாயில் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். நல்ல முதிர்ந்த ஒயினிலும் உலர்பழமும் கொட்டைப்பருப்பும் மணக்கும், ஆனால் வாயில் வைத்தால் புளிப்பு உயிரோடு இருக்கும், விழுங்கிய பிறகும் மணம் நீளும். மூக்கை மட்டும் நம்பாமல் வாயில் சரிபார்க்க வேண்டியது இதனால்தான். காடி மணம் லேசாக இருப்பது, நீண்ட காலம் பீப்பாயில் இருந்த ஒயினில் சகஜம், மற்ற மணங்களைத் தூக்கிக் கொடுக்கவும் செய்யும். நெயில் பாலிஷ் ரிமூவர் போல மூக்கைக் குத்தினால் எல்லை தாண்டிவிட்டது. பிரெட்டானோமைசிஸ் ஈஸ்ட் தருகிற குதிரை லாய வாடையும் அப்படித்தான். பழைய ரியோஹாவில் மெல்லிய இழையாக இருந்தால் பலருக்குப் பிடிக்கும், எனக்கும்தான். மருந்துப் பிளாஸ்டர் வாடையாக மாறி எல்லாவற்றையும் மூடினால் வாங்காதீர்கள்.

எதைச் சந்தேகித்தாலும் இரண்டாவது பாட்டிலைத் திறக்காமல் ஒதுக்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள். இருபது வருடத்தைத் தாண்டிய பிறகு ஒரே பெட்டியில் இருந்து வரும் இரண்டு பாட்டில்கள் ஒன்றாக இருப்பதில்லை, ஒவ்வொரு கார்க்கும் ஒவ்வொரு விதமாகக் காற்றை விட்டிருக்கும். பாட்டிலின் கழுத்தில் ஒயின் மட்டம் எங்கே நிற்கிறது என்று திறக்கும் முன் பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் விலையைப் பேசிப் பயனில்லை.

பாட்டிலைக் கையாளுவதில் நடக்கும் தவறுகள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தவைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவைப்புக்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். உதிரும் கார்க்குக்கு இரட்டைப் பட்டை கொண்ட திறப்பான் உதவும். அறைச்சூடு 25 டிகிரியில் ஒயினை ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மேலே நிற்கும், 16 முதல் 18 டிகிரி சரி. மிகப் பழைய ஒயினை மணிக்கணக்கில் டிகான்டரில், அதாவது ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையில், விடாதீர்கள், மண்டியைப் பிரிக்க மட்டும் மெதுவாக ஊற்றி உடனே பரிமாறலாம்.

அறுவடை ஆண்டு அட்டவணையை அளவுக்கு மீறி நம்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரியோஹாவின் ஒழுங்குமுறைக் கவுன்சில் 1964, 1982, 1994, 1995, 2001, 2004, 2005, 2010, 2011 போன்ற ஆண்டுகளுக்கு உச்ச மதிப்பீடு கொடுத்தது. ஆனால் அந்த மதிப்பீடு அறுவடைக்கு அடுத்த சில மாதங்களில், ஒயின் இளசாக இருக்கும்போதே தரப்பட்டது. ரியோஹா ஆல்தா, ரியோஹா அலவேசா, ரியோஹா ஒரியென்டல் என்று மூன்று பகுதிகள், அட்லாண்டிக் குளிர்ச்சியில் இருந்து மத்தியதரைக் கடல் வெப்பம்வரை வேறுபடும் தட்பவெப்பம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அப்புறம், புகழ்பெற்ற ஆண்டுக்கு விலையும் ஏறும். ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை 2013இல் குனே நிறுவனத்தின் இம்பீரியல் கிரான் ரெசெர்வா 2004ஐ ஆண்டின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்த பிறகு அந்தப் பாட்டிலைத் தேடி எல்லோரும் ஓடினார்கள். 2013 அறுவடை போல குளிர்ந்து, மழை பெய்து, சுமாராக மதிப்பிடப்பட்ட ஆண்டில் கவனமான ஒரு தயாரிப்பாளர் செய்த ரெசெர்வா, உணவகத்தில் அதைவிட முன்னதாகவே குடிக்க இதமாகவும், விலையில் கைக்கு அடங்கியும் கிடைக்கலாம். சுவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சுவைத்ததும் வாங்குவதும் ஒன்றுதானா என்று உறுதி செய்யாமல் விடுவது. மாதிரியாக வந்தது 2010, பெட்டியில் இறங்குவது 2012 என்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கிறது. ஆர்டரில் ஆண்டை எழுதி வாங்குங்கள், எத்தனை பாட்டில் கையிருப்பு என்று கேளுங்கள். ஆறு பாட்டில்தான் இருக்கிறது என்றால் அச்சிட்ட பட்டியலில் போடாமல், பரிமாறுபவர் வாயால் சொல்லி விற்பது நல்லது. தயாரிப்பாளரின் கிடங்கை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தப் பாட்டில் எங்கெல்லாம் இருந்தது என்பதையும் கேளுங்கள். ஆரோவின் குளிர்ந்த நிலவறையில் இருந்து நேராக வந்த 20 வயது ஒயினும், நடுவில் ஏதோ ஒரு குடோனில் இரண்டு கோடைக்காலம் கழித்த அதே ஒயினும் விலைப்பட்டியலில் ஒரே வரியில்தான் இருக்கும். பதில் தெளிவாக வரவில்லை என்றால் ஒரு பாட்டில் மட்டும் விலைக்கு வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, மீதியை அப்புறம் முடிவு செய்யுங்கள்.