தாய்ப்பாலோடு பவுடர் பாலும்: சங்கில் புகட்டும் முறையும் நான் தடுக்கி விழுந்த இடங்களும்

பாப்பா பிறந்த இருபத்தோராம் நாள் எடை பார்த்தோம். பிறந்தபோது 2.9 கிலோ, அன்றைக்கு 2.75. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையையாவது எட்டியிருக்க வேண்டும். குழந்தை மருத்துவர் நான் பால் கொடுப்பதைக் கூட இருந்து பார்த்தார். பிறகு, ஒவ்வொரு முறையும் தாய்ப்பால் கொடுத்து முடித்தபின் 30 மில்லி பவுடர் பால் கொடுங்கள், பத்து நாளில் மறுபடி எடை பார்ப்போம் என்றார்.

காரைக்குடி வீட்டுக்குத் திரும்புவதற்குள் செய்தி வளவு (எங்கள் கூட்டுக் குடும்ப வீடு) முழுக்கப் பரவியிருந்தது. இந்த வீட்டில் டப்பாப் பால் குடித்து வளர்ந்த பிள்ளையே கிடையாது என்றார்கள் ஆயா (என் பாட்டி). தேவகோட்டையிலிருந்து மாமியார் போனில், பிள்ளையை அழவிடாமல் பாட்டிலிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிடு என்றார்கள். மருத்துவர் சொன்னது இரண்டும் அல்ல. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அது எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது.

பாத்திரத்தைக் கொதிக்கவைப்பது, கை கழுவுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

1. டப்பா வாங்கும் முன் துணியை எண்ணுங்கள்

பிள்ளை அழுகிறது, மார்பு தளர்ந்து கிடக்கிறது, பம்ப் வைத்தால் அடி நனையத்தான் வருகிறது என்பதெல்லாம் பால் போதவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. பிள்ளை பார்க்க வருகிறவர்களின் தீர்ப்பும் அப்படித்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனைய வேண்டும். எடை நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் டப்பா வேண்டாம். முதல் மாதத்துக்கு டயப்பரை விடப் பழைய வேட்டித் துணிதான் நல்லது என்பது என் கட்சி. எத்தனை முறை நனைந்தது என்று டயப்பர் சொல்லாது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. எனக்கும் அதுதான் ஆசை. தராசு வேறு சொன்னது.

2. பிள்ளை பற்றும் விதம்

காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்கு வலிக்கும், பிள்ளைக்கும் பால் வராது. வாய் நன்றாகத் திறந்ததும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். மோவாய் மார்பில் படிய வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். வலித்தால் அப்படியே இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தும் ஒரு செவிலியர் வேண்டும். எனக்குப் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருந்தது.

3. எந்த டப்பா

மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான். பிறந்த பிள்ளைக்கு முதல் நிலை என்று குறித்தது வேண்டும். குறைமாதப் பிள்ளைக்கு உள்ளது வேறு. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படமும் போடக் கூடாது. அதனால் எது உசத்தி என்று யாராவது உங்களிடம் மூச்சுவிடாமல் பேசினால் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

4. கலக்குவது (இங்கேதான் நான் விழுந்தேன்)

டப்பாவில் எழுதியிருந்தது: 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. இரவில் ஒரேயடியாக 60 மில்லியாகக் கலக்கினேன். பாட்டிலில் இரண்டு கரண்டி பவுடரைப் போட்டேன், 60 கோடு வரை தண்ணீர் ஊற்றினேன், குலுக்கினேன். எண் சரிதானே?

சரியில்லை. பவுடரும் இடம் பிடிக்கும். 60 மில்லி தண்ணீரில் இரண்டு கரண்டி விழுந்தால் மட்டம் கோட்டைத் தாண்டி ஏற வேண்டும். நானோ கோட்டிலேயே நிறுத்திவிட்டேன். போதாததற்கு, பிள்ளை மெலிவாக இருக்கிறதே என்று கரண்டியைக் குவித்து அள்ளச் சொன்னார்கள் ஆத்தா (என் அம்மா). நானும் அள்ளினேன். நான்கு நாளில் பாப்பாவுக்கு மலம் கட்டிப்போய் முக்கி முக்கி அழுதாள். மருத்துவர் என்னை எதிரில் வைத்தே ஒரு முறை கலக்கச் சொன்னார். கண்டுபிடிக்க அரை நிமிடம்தான் ஆனது.

பால் கெட்டியானால் அதிலுள்ள உப்பையும் புரதத்தையும் வெளியேற்ற அந்தச் சின்னச் சிறுநீரகம் திணறும், உடம்பில் நீர் வற்றும். டப்பா தீர்ந்துவிடுமே என்று தண்ணீராகக் கலந்தால் எடை ஏறாது. ஆகவே வரிசை மாறக் கூடாது:

முதலில் தண்ணீர், கோடு பார்த்து. பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்க்காமல் மேசையில் வைத்துக் கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் பவுடர். கரண்டியின் தலையைக் கத்தியின் முதுகால் சீவிவிட வேண்டும். அமுக்கி நிரப்பக் கூடாது.

தண்ணீரின் சூடு அடுத்த கண்ணி. பவுடர் டப்பாவுக்குள் கிருமியே இராது என்று நினைத்திருந்தேன். கிருமி இருக்கலாம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது, கொதித்த தண்ணீரை இறக்கி அரை மணிக்குள் கலந்துவிட வேண்டும். பிறகு பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் ஆனாலும் கேன் தண்ணீர் ஆனாலும் கொதித்தே தீர வேண்டும்.

கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கொட்ட மனம் வராது. கொட்டுங்கள்.

5. ஏன் சங்கு

கலக்கத்தான் பாட்டில், கொடுக்கச் சங்கு, அதாவது பால் புகட்டும் மூக்குவைத்த சின்னக் கிண்ணம். ரப்பர் காம்பில் பால் தானாக வரும் சுகத்தைக் கண்ட பிள்ளைகளில் சில, மார்பில் உழைக்க மறுத்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. சங்கைக் கழுவுவதும் எளிது. மூலை முடுக்கு இல்லை.

சீரில் வந்த வெள்ளிச் சங்குதான் முதலில். பார்க்க அழகு. ஆனால் மூக்கு பற்றவைத்த இடத்தில் உள்ளே ஒரு மடிப்பு. அதில் பால் படிந்ததை மூன்றாம் நாள் நாற்றம் காட்டிக்கொடுத்தது. வெள்ளியை அலமாரியில் வைத்துவிட்டு மெடிக்கல் கடையில் எவர்சில்வர் பாலாடை (சங்குக்கு இன்னொரு பெயர்) ஒன்று வாங்கினேன். மூக்கு முழுவதும் திறந்தபடி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஆயாவுக்கு இன்றைக்கும் இதில் வருத்தம்தான்.

புகட்டும்போது, காலை நீட்டி அதில் பிள்ளையை மல்லாத்தி, சங்கை வாய்க்குள் கவிழ்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். புரையேறும். மூக்கைப் பிடித்துக் கொடுப்பதும் கூடவே கூடாது. பிள்ளையை மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டு, சங்கின் நுனியைக் கீழுதட்டில் வையுங்கள். பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்தால் போதும். அதுவே நக்கி உறிஞ்சும். முழுங்கியபின் அடுத்தது. என் பாலாடை 12 மில்லி பிடிக்கும். மருந்துச் சிரிஞ்சால் அளந்தேன், நீங்களும் உங்களுடையதை அளந்துவிடுங்கள்.

6. உங்கள் பால் வற்றாமல்

மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் நான் ஆசையாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் கூட்டியது பிள்ளையின் வாயும் என் கையும்தான். ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு பக்கமும் தாய்ப்பால், பிறகுதான் சங்கு, அதன்பின் பத்து நிமிடம் கையால் பீய்ச்சி எடுப்பது. மின்சாரப் பம்ப் வாங்கியும் பார்த்தேன். எனக்கு அகலமான கிண்ணமும் வெந்நீர் ஒத்தடமும் அதைவிட அதிகம் தந்தன. இரவுப் பாலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எடுத்த பாலை 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பார்கள். சித்திரையில் நம் பக்கம் 25 டிகிரி ஏது? உடனே ஃபிரிட்ஜில், கதவில் அல்லாமல் உள்தட்டின் கடைசியில், தேதி எழுதி. நான்கு நாள் தாங்கும். கொடுக்கும்போது காய்ச்சக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை நிறுத்தினால் போதும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்கு

பள்ளத்தூர்த் தோழி ஒருவர் இரவுக்குச் சேர்த்துக் கலந்து ஃபிளாஸ்கில் வைத்தாராம். பாலை வைக்காதீர்கள், கிருமிக்கு அந்தச் சூடு தொட்டில் மாதிரி. ஃபிளாஸ்கில் வெந்நீர் மட்டும், பவுடர் தனியாக. ஆனால் விடிய விடிய அது 70 டிகிரியில் நிற்காது, நள்ளிரவில் மறுபடி கொதிக்கவைக்க வேண்டியிருக்கும்.

இன்னொருவர் பழைய டப்பாவின் கரண்டியைப் புது டப்பாவில் போட்டுப் பயன்படுத்தியிருக்கிறார். கம்பெனிக்குக் கம்பெனி கரண்டி அளவு மாறும். அந்தந்த டப்பாவுக்கு அந்தந்தக் கரண்டி. இது எனக்கே தோன்றாமல் போன விஷயம்.

சங்கு இருக்கிறதே, கழுதைப்பால் புகட்டலாமா, நாக்கில் தேன் தடவலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு வயது வரை தேன் வேண்டாம், அதில் வரும் ஒருவகை நச்சுக்கிருமி பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தெருவில் கறந்து தரும் கழுதைப்பால் காய்ச்சாத பால். அதுவும் வேண்டாம். பசும்பாலும் ஒரு வயதுக்குப் பிறகுதான்.

பஸ்ஸில் எப்படி என்றும் ஒரு கேள்வி. 2015-இல் பஸ் நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். திறந்திருந்தால் உபயோகியுங்கள். சில நேரம் சாவி யாரிடம் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: பேறுகால விடுப்பு 26 வாரம். திரும்பிய பிறகும் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தரச் சட்டம் இருக்கிறது. என் மேலாளருக்கு அது தெரியவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில், பவுடர் பால் தொடங்கிய பத்தாம் நாள் எடை 3.05. மூன்றாம் மாதத்தில் பவுடர் பால் இரவு ஒரு வேளையாகக் குறைந்தது. அந்த ஒரு வேளையை மட்டும் நான் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் அவள் அப்பா புகட்டுவார், நான் தூங்குவேன். எட்டாம் மாதம் சங்கைக் கையால் தட்டிவிட ஆரம்பித்தாள். இப்போது சின்ன எவர்சில்வர் டம்ளர், பாதி அவள் சட்டையில்.