செயின் சோவுக்கு அரம் போடும் முறை

செயின் சோவால், அதாவது மரம் அறுக்கும் இயந்திர வாளால், வேப்பங்குற்றியை அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மா அரித்ததுபோலத் தூள் கொட்டினால் நிறுத்திவிடுங்கள். அமத்தி அறுத்தால் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) சூடேறும், செயின் இழுபடும், பெற்றோலும் வீண்.

எங்கள் பக்கத்தில் கூர் சட்டென்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்துக்குள்ளேயே இருக்கும். வேலிப் பூவரசு முட்கம்பியை விழுங்கியிருக்கும். பழைய மரங்களில் எறிகணைச் செல் துண்டும் துப்பாக்கிச் சன்னமும் புதைந்திருக்கும். பட்டையில் கறுத்த தழும்பு தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து அறுங்கள்.

எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு பாரை அசையாமல் இறுக்குங்கள். உருளை அரம் செயினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். செயினின் கண்ணி அளவை அங்குலத்தில் சொல்வார்கள்: சிறிய வாள்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீற்றர் அரம், 0.325 அங்குலச் செயினுக்கு 4.8, பெரிய வாள்களின் 3/8 செயினுக்குத் தயாரிப்பைப் பொறுத்து 5.2 அல்லது 5.5.

ஆகத் தேய்ந்த பல்லில் தொடங்குங்கள். மற்றப் பற்களை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான செயின்களுக்குச் சரிவு 30 பாகை. பல்லின் மேலுள்ள கோடு அதைக் காட்டும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியட்டும். உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்பும்போது தூக்குங்கள். இழுத்துத் தேய்த்தால் அரம்தான் பாழ். பிறகு பல்லின் விளிம்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள்: வெள்ளைக் கோடு மின்னினால் அது இன்னும் மழுங்கல், கூரான விளிம்பில் ஒளி தெறிக்காது. ஒரு பக்கப் பற்கள் நீண்டுவிட்டால் வெட்டு வளைந்து போகும்.

நாலைந்து தரம் அரம் போட்டபின், பல்லுக்கு முன்னுள்ள மேட்டையும் தட்டை அரத்தால் குறையுங்கள். பல் நுனியைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால் போதும். கூடக் குறைத்தால் வாள் மரத்தைக் கவ்வி உங்கள் பக்கம் உதைக்கும்.

பாரைக் கழற்றித் தவாளிப்பையும் ஒயில் துளையையும் கம்பியால் துப்புரவாக்கி, மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள். செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றுபவர்கள் அதிலுள்ள இரும்புத் துகளையும் சேர்த்தே ஊற்றுகிறார்கள்.

செயின் பாரோடு ஒட்டியிருக்க வேண்டும், கையால் இழுத்தால் ஓட வேண்டும். சூட்டில் இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்; ஆறும்போது சுருங்கி எஞ்சின் தண்டையே இழுக்கும்.