இதயத் தசைக்குப் பரம்பரையலகு: நுண்குமிழியை வழியில் உடையாமல் சேர்ப்பது

கழியொலி (அல்ட்ராசவுண்ட்) மூலம் இதயத்துக்குப் பரம்பரையலகு (ஜீன்) அனுப்புவதென்றால், அதைச் சுமக்கும் நுண்குமிழி, அதாவது வாயு நிரம்பிய மிகச் சிறு குமிழி, இதயத் தசைக்குள் போய்த்தான் உடைய வேண்டும். எலியின் இதயத்தில் 2000ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். மனிதருக்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆகவே இக்குறிப்பு, நெறிமுறை அனுமதி பெற்ற விலங்கு ஆய்வுகூடங்களுக்கு மட்டும். முயற்சி கெட்டால் முதலில் சிறிஞ்சைச் சந்தேகியுங்கள்.

பரம்பரையலகைக் கொண்ட டீஎன்ஏ மறை மின்னேற்றமுள்ளது. அதைப் பிடித்துவைக்க நேரேற்றமுள்ள கொழுப்புறைக் குமிழி வேண்டும். சாதாரண ஸ்கேன் குமிழி போதாது. இரண்டையும் கலந்து மெல்லப் புரட்டி, சற்று வைத்துக் குறைந்த வேகத்தில் சுழற்றினால் குமிழிகள் வெண்படையாக மேலே மிதக்கும். அடியிலுள்ள தெளிந்த திரவத்தை 260 நானோமீற்றரில் அளந்து பாருங்கள். டீஎன்ஏ அங்கே நிறைய இருந்தால் குமிழியில் ஒட்டவில்லை என்று பொருள். ஒட்டாததை இரத்தத்திலுள்ள நொதியங்கள் சிதைத்துவிடும்.

பேராதனையில் தயாரித்துவிட்டு இறம்பொடை வழியே நுவரெலியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. வாயு விரிந்து குமிழியின் பருமன் மாறும். பயன்படுத்தும் இடத்திலேயே தயாரியுங்கள். நுவரெலியாவின் காலைக் குளிரில், ஸ்கேனுக்காக நெஞ்சில் பூசும் ஜெல்லையும் இளஞ்சூடாக்க வேண்டும். மயக்கத்திலுள்ள எலி சீக்கிரம் குளிர்ந்து, இதயத்துடிப்பும் இறங்கிவிடும்.

குமிழியுள்ள குப்பிக்குள் காற்றுப் புக இன்னோர் ஊசி குத்திவிட்டு, 20 கேஜ் அல்லது அதைவிடப் பருத்த ஊசியால் மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே அமுக்கம் விழுந்து குமிழிகள் பெருத்து உடையும். எலிக்குள் மெல்லச் செலுத்தும் பம்பில் வைத்த சிறிஞ்சை இடையிடையே உருட்டிவிடுங்கள். சும்மா விட்டால் குமிழிகள் மேல்பக்கம் சேர்ந்து, எலிக்கு வெறும் சேலைன்தான் போகும்.

ஸ்கேன் திரையில் எம்.ஐ. என்று தெரியும் எண்ணை (கழியொலியின் இயந்திரத் தாக்கத்தைக் காட்டும் அளவு) முதலில் 0.1 - 0.2இல் வையுங்கள். தசை வெளுத்துத் தெரிந்தால் குமிழி வந்துவிட்டது. பிறகு எம்.ஐ.யை 1க்கு மேல் உயர்த்தி, ஈசீஜியோடு இணைத்து, நான்கு துடிப்புக்கு ஒருமுறை மட்டும் கழியொலியை அடியுங்கள். இடைவிடாமல் அடித்தால் குமிழிகள் இதய அறைக்குள்ளேயே உடைந்து தீரும். தசைக்குப் புதுக் குமிழி வர இடைவேளை வேண்டும். புரோபுக்கு (நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் கருவிக்கு) எட்டத்திலுள்ள இதயச் சுவர் கறுத்துப்போனால் குமிழி அதிகம், பம்பின் வேகத்தைக் குறையுங்கள். ஈசீஜியில் ஒழுங்கற்ற துடிப்பு வந்தால் எம்.ஐ.யை இறக்குங்கள்.

ஒளி உண்டாக்கும் நொதியமான லூசிபெரேஸின் பரம்பரையலகை அனுப்பியிருந்தால் நான்காம் நாள் அளக்கலாம். இதயத்தோடு ஈரலையும் நுரையீரலையும் அளந்தால்தான் மிச்சம் எங்கே போனதென்று தெரியும். குமிழியின்றி டீஎன்ஏ மட்டும் பெற்ற எலிகளும், குமிழி பெற்றும் கழியொலி படாத எலிகளும் ஒப்பிடக் கட்டாயம் வேண்டும்.