பேனா பிள்ளை கையிலேயே இருக்கட்டும்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்துக்குத்தான். "அக்கா, பையன் காலேஜ் எஸ்ஸே எழுதணும். கொஞ்சம் பாத்துத் திருத்திக் குடுங்களேன்." அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளை தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் கட்டுரைதான் அந்த எஸ்ஸே. டாலஸுக்கு வடக்கே எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அ, ஆ எழுதிய குழந்தைகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிவதே அப்போதுதான். பார்க்கிறேன், பக்கத்தில் உட்காருகிறேன், கேள்வி கேட்கிறேன். திருத்துவது மட்டும் கிடையாது.

காரணம் என் மூத்த மகன். அவன் எழுதி வைத்திருந்ததை ஒரு ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி மாற்றினேன். காலையில் படித்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது நான் இல்லையே" என்றான். அவனுடைய ஆங்கில ஆசிரியையும் மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார். அன்று அக்டோபர் 20. முதல் சுற்று விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 1. முதலிலிருந்து எழுதினான். அந்தப் பன்னிரண்டு நாள் அவன் சரியாகத் தூங்காததற்கு நான்தான் காரணம். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கட்டுரையிலும் நான் பேனா வைத்ததில்லை.

அளவுகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் தளமான காமன் ஆப்பில் முதன்மைக் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650ஐத் தாண்டக்கூடாது. ஏழு கேள்விகளில் ஒன்றுக்கு எழுத வேண்டும். ஏழாவது, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்பது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 350 சொல். எம்ஐடிக்கும் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) அவர்களுடைய சொந்த விண்ணப்பம்தான், குட்டிக் குட்டிக் கேள்விகள். இங்கிலாந்துக்கு விண்ணப்பிப்பவர்கள் இதையே அங்கே அனுப்ப முடியாது. அவர்கள் கேட்பது, படிக்கப்போகும் பாடத்தில் உனக்கு என்ன ஈடுபாடு என்பதைத்தான்.

கேள்விகளைப் பார்த்துவிட்டு எழுத உட்காராதீர்கள். முதலில் பேச வேண்டும். பிள்ளையின் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் பேசச் சொல்வேன், தமிழும் ஆங்கிலமும் கலந்து எப்படி வருகிறதோ அப்படி. யாரும் சொல்லாமல் நீயாகச் செய்கிற வேலை என்ன? போன மாதம் எதற்காக நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாய்? வீட்டில் எந்த வேலைக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்? பரிசு வாங்கியதைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். அதற்கு விண்ணப்பத்தில் வேறு இடம் இருக்கிறது. பத்துச் செயல்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. அங்கே இருப்பதையே கட்டுரையிலும் எழுதினால் 650 சொல்லும் வீண்.

அரங்கேற்றம் பற்றியும், அப்பா இரண்டு சூட்கேஸோடு வந்து இறங்கிய கதை பற்றியும் எழுதலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுதக்கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்த சூட்கேஸ் அப்பாவுடையது. பிள்ளை அதில் எதைத் திறந்து பார்த்தது என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் எழுதட்டும். இன்னொன்றும் மனதாரச் சொல்கிறேன்: இழப்பையும் நோயையும் எழுதச் சொல்லிப் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைச் சொல்ல காமன் ஆப்பிலேயே தனியாக ஓர் இடம் இருக்கிறது. ஆறாத புண்ணைக் கட்டுரைக்காகக் கிளற வேண்டாம்.

திருத்துவது எப்படி என்பதை ஒரு பெண்ணின் கட்டுரையை வைத்துச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தேனியிலிருந்து அவளுடைய அம்மாச்சி ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. முதல் வடிவம் 900 சொல். "சிறு வயதிலிருந்தே எனக்கு மருத்துவத்தில் ஆர்வம்" என்று ஆரம்பித்து, "அம்மாச்சி எனக்குக் கருணையைக் கற்றுத்தந்தார்" என்று முடித்திருந்தாள். மூன்று நாள் அதைத் திறக்காதே என்றேன். நான்காம் நாள் அச்செடுத்து, இரண்டு ஹைலைட்டரைக் கையில் கொடுத்தேன். நடந்தது, பார்த்தது, செய்தது எல்லாம் மஞ்சள். நினைத்தது, கற்றது, உணர்ந்தது எல்லாம் பச்சை. தாள் முழுக்கப் பச்சை. மஞ்சள் ஐந்து வரிதான். அந்த ஐந்திலும் நாலு அம்மாச்சி செய்தது. அவள் செய்ததாக ஒரே ஒரு வரி: "மாத்திரை டப்பாவில் படம் ஒட்டினேன்."

என்ன டப்பா, என்ன படம் என்று கேட்டேன். ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா. மூடி மேல் கிழமையின் முதல் ஆங்கில எழுத்து மட்டும். அதில் 'எஸ்' இரண்டு, 'டி' இரண்டு. ஆங்கிலம் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள். அம்மாச்சி ஒரு செவ்வாய்க்கிழமை வியாழக்கிழமை மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டார். இவள் ஞாயிறுக்குச் சூரியன், திங்களுக்கு நிலா, மற்ற ஐந்துக்கும் அந்தந்தக் கோள் என்று படம் ஒட்டினாள். கெட்டிக்காரத்தனம்தான்.

"சரியா வந்துச்சா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இல்ல ஆன்ட்டி. சூரியன், நிலா ரெண்டும் புரிஞ்சுது. மத்ததெல்லாம் அம்மாச்சிக்கு ஒரே மாதிரி உருண்டையாத் தெரிஞ்சுது."

அப்புறம்? அப்புறம் அவரையே கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கு விளக்கு, செவ்வாய்க்கு வேல், சனிக்குக் காக்கா என்று அவர் சொல்லச் சொல்ல வரைந்து ஒட்டியிருக்கிறாள். இது எதுவுமே முதல் வடிவத்தில் இல்லை. தான் செய்தது தோற்றது என்பதால் விட்டுவிட்டாளாம். எனக்கு அந்தக் காக்கா போதும் என்று தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. "இதை எழுதினா என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டாம் வடிவத்தை உருண்டைகள் தோற்ற காலையிலிருந்து ஆரம்பித்தாள். மருத்துவ ஆசை தானாகவே உதிர்ந்துபோனது. ஒருவருக்கு ஒரு பொருளைச் செய்து கொடுக்குமுன் அவருடைய வாரம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், அந்த வேலைதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று மூன்றாம் வடிவத்தில் அவளே கண்டுபிடித்தாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது மறுபடியும் பச்சை வரியாகத்தான் வந்திருக்கும்.

இதிலிருந்து உங்கள் வீட்டில் செய்யக்கூடியவை. அநேகமாக முதல் பத்தி முழுவதும் தொண்டையைச் செருமிக்கொள்வதுதான். அதைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள், கட்டுரை அங்கேயே தொடங்கியிருக்கும். கடைசிப் பத்தியில் "இதிலிருந்து நான் கற்றது" என்று இருந்தால் அதையும் மறைத்துப் பாருங்கள். பாட்டியோ அம்மாவோ அதிகம் வந்தால், பிள்ளை செய்ததாக எத்தனை வாக்கியம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் சத்தமாகப் படியுங்கள், பிள்ளை கேட்கட்டும். நாக்கு தடுக்குகிற இடத்தில் பிள்ளையே கோடு போடும். பெரும்பாலும் அது அகராதியில் தேடிப் போட்ட சொல்லாக இருக்கும்.

படிப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒருவர் பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர், ஒருவர் தெரியாதவர். மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆளுக்கொரு வரி மாற்றினால் கட்டுரை யாருடையதும் இல்லாமல் போய்விடும். ஏஐயிடம் எழுதி வாங்குவதும் வேண்டாம். அது எழுதித் தருவதைத் தன்னுடையது என்று அனுப்புவதை 2023லிருந்து காமன் ஆப் மோசடிப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. அதைவிட, அந்தக் காக்காவை அதனால் கேட்டு வாங்கியிருக்க முடியாது.

வடிவங்களைத் தேதி போட்டுத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் வெட்டியது ஏழாவதில் தேவைப்படும். 650க்குச் சுருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல் என்று கிள்ளாமல், ஒரு சம்பவத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் விமான நிலையக் காட்சி முழுவதையும் எடுத்தாள், 140 சொல் மிச்சமானது.

அனுப்பும் முன் விண்ணப்பத்தின் முன்தோற்றத்தைத் திறந்து, பத்தி இடைவெளி போயிருக்கிறதா, கடைசி வரி துண்டாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில கல்லூரிகள் தனியாகக் கேட்கும் 'ஏன் எங்கள் கல்லூரி' என்ற துணைக் கட்டுரையில் வேறு கல்லூரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள். ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகு அங்கே போனதை மாற்ற முடியாது. அடுத்த கல்லூரிக்கு அனுப்பும் முன் முதன்மைக் கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம்.