பிளாஸ்டிக் தகட்டில் ஒரு நேட்டால் தகர வீடு

மேசைப் போர் விளையாட்டில் 1899–1902 ஆங்கில-போயர் போரை ஆடும் டர்பன் நண்பர்களே, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி வீட்டுக்கு முகமே அதன் நெளி தகரக் கூரைதான். மேசையில் வைக்கும் மாதிரி வீட்டுக்கு அதை நீங்களே செய்துவிடலாம். 0.5 மி.மீ. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் இரும்பு அளவுகோலை வைத்து, கத்தியின் முதுகால் 1.5 மி.மீ. இடைவெளியில் அழுத்திக் கோடு இழுங்கள். நிஜத் தகரத்தில் நெளிவுக்கு நெளிவு சுமார் 76 மி.மீ.; 1:56 அளவில், அதாவது நிஜத்தில் 56-இல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில், அது ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகவே கண்ணுக்குப் பொருந்தும். கூரையை ஒரே துண்டாகப் போடாதீர்கள். சிறு தகடுகளாக வெட்டி, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி ஒட்டுங்கள். அந்த ஏற்றம்தான் அழகு.

சுவருக்கு 1 மி.மீ. தகடு போதும். முழுக்க அறுக்க வேண்டாம். இரண்டு முறை கீறி மடக்கினால் நேராக ஒடியும். உள்மூலைகளில் சதுரக் குச்சி ஒட்டுங்கள்.

அடித்தட்டில் ஒரு துளை போட மறக்கவே கூடாது. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் கரைப்பான் பசையின் ஆவி மூடிய கட்டடத்துக்குள் தங்கினால், எவ்வளவு நேர்த்தியான சுவரும் நாளடைவில் வளைந்துவிடும். ஒட்டும்போது அறையின் சன்னலும் திறந்திருக்கட்டும்.