கடலோரத்தில் பெரிய வீடா, சின்ன வீடா?

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் வீடு கட்டுவோர் சதுர அடியைக் கூட்டுமுன் கம்பியைக் கவனியுங்கள். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருவேறிப் பருக்கும். கான்கிரீட் வெடித்துப் பெயரும். வெளிக்காற்று படும் தூண், பீம், தளத்துக்கு எம்30 வலுத்தரக் கலவையும் 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. கொத்தனார் வழக்கமாக வைக்கும் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) இங்கே போதாது. உப்பு போர்த் தண்ணீரில் கலவை போடவே கூடாது, தளம் நனைக்கவும் கூடாது. நல்ல தண்ணீர் லாரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கையிருப்பு தாங்காவிட்டால் 2,000 சதுர அடியை 900 ஆக்குங்கள், கலவையில் கைவைக்காதீர்கள். பெரிய மொட்டைமாடியில் ஒரு லாபம் உண்டுதான்: 10 மி.மீ. மழைக்கு 1,000 சதுர அடியில் சுமார் 900 லிட்டர் விழும். சின்ன வீட்டுக்காரர் தகரக் கொட்டகை நீரையும் ஐப்பசிக்கு முன்பே தொட்டிக்குத் திருப்பிவிடலாம்.